கொள்ளிடக் கரையில் இரண்டு ஜோடிக் குழாய்கள்: எதன் அளவை நம்புவது?

கேள்வி (முதுகலை மாணவன்):
ஆற்று நீர் கரையின் வண்டல் அடுக்குகளுக்குள் எப்படி நகர்கிறது என்று பார்க்க, கொள்ளிடக் கரையில் பி.வி.சி. குழாய்கள் இறக்கியிருக்கிறேன். ஆற்றிலிருந்து 40 மீட்டரில் ஒரு ஜோடி, 90 மீட்டரில் இன்னொன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று 3 மீட்டர் ஆழம், மற்றது 8 மீட்டர். இரு இடத்திலும் மணலுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் நீலக் களி வந்தது.

ஆற்றில் தண்ணீர் திறந்த மறுநாள் 90 மீட்டரில் இரண்டு குழாய்களிலும் நீர்மட்டம் ஒரே அளவு ஏறியது. 40 மீட்டரில் ஆழமானது மட்டும் 60 செ.மீ. ஏறியது, 3 மீட்டர் குழாய் அசையவே இல்லை. அதன் சல்லடைத் துளைகள் அடைத்துவிட்டனவா?

மறுமொழி 1:
தம்பி, அந்தக் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் மட்டம் பழையபடி இறங்கினால் துளைகள் திறந்தே இருக்கின்றன.

கேட்டவர்:
ஊற்றினேன் ஐயா. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது!

மறுமொழி 2:
அப்படியானால் 40 மீட்டர் ஜோடி சரிதான். எனக்கு உறுத்துவது மற்றது.

அந்த 60 செ.மீ. ஆற்றிலிருந்து நடந்து வந்த தண்ணீர் அல்ல. மணல் வழியே நீர் நகரும் வேகத்துக்கு 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி வெளியிட்ட விதியைப் போட்டுப் பாருங்கள். மணலின் கடத்துதிறன் (நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்பது) வினாடிக்கு 0.1 மி.மீ., நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று, துளைவெளி (மணல் துகள்களுக்கு இடையிலான இடைவெளி) 30 சதவீதம் என்றால் தண்ணீர் நாளுக்கு 3 செ.மீ. நகரும். பருமணலில் பத்து மடங்கு என்றாலும் 30 செ.மீ.தான். களிக்கு அடியில் மூடிக்கிடக்கும் மணலில் வந்தது அழுத்தம். நீர் நிரம்பிய குழாயின் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை உடனே உணர்வதைப் போல. மேல் மணலில் மட்டம் உயர வேண்டுமானால் காலியாக உள்ள துளைவெளி நிஜமாகவே நீரால் நிரம்ப வேண்டும். அதற்கு நாளாகும். களி வழியாகவும் வராது: கடத்துதிறன் வினாடிக்கு 10⁻⁹ மீட்டர் உள்ள களியில், சரிவு ஒன்றுக்கு ஒன்றாக இருந்தாலும் ஒரு நாளில் 0.1 மி.மீ.கூடக் கசியாது.

பிறகு 90 மீட்டரில் மேல் குழாய் எப்படி மறுநாளே ஏறியது? இரண்டையும் ஒரே துளையில் இறக்கினீர்களா?

கேட்டவர்:
ஆமாம், செலவு மிச்சம் என்று. தோண்டிய மணலையே சுற்றிலும் கொட்டி மூடினேன்.

மறுமொழி 1:
நாங்கள் குழாய் இறக்கும்போது முதலில் பார்ப்பதே இதைத்தான். களியைத் துளைத்துவிட்டு மணலை நிரப்பினால் அடிநீருக்கு நீங்களே படிக்கட்டு கட்டியதாகிவிடும்.

மறுமொழி 2:
உறுதி செய்ய நான்கு குழாய்களிலும் நீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) அளந்து பாருங்கள். 40 மீட்டரில் மேலும் கீழும் வேறுபட்டு, 90 மீட்டரில் ஒன்றாக இருந்தால் கசிவுதான். அந்த ஜோடியின் அளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனித்தனித் துளை போட்டு, களி இருக்கும் ஆழத்தில் பெண்டோனைட் (நீரில் ஊறிப் பருத்து இடைவெளியை அடைக்கும் களிமண்) உருண்டைகளை நிரப்புங்கள்.

கேட்டவர்:
பழைய துளையை அப்படியே விட்டு, ஒரு மீட்டர் தள்ளிப் புதிதாகப் போடலாமா?

மறுமொழி 2:
கூடாது. முதலில் குழாய்களை உருவிவிட்டு, பெண்டோனைட் கலந்த சிமெண்ட் பாலை அடியிலிருந்து நிரப்பி அடையுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கசிவைத்தான் புதிய குழாயும் காட்டும்.