‘ச’வில் ஜப்பானியப் பாட்டு சொல்லுங்களேன்

ஜப்பானிய எழுத்து வரிசையும் அ, க, ச, த, ந என்றுதான் போகிறது. அந்த வரிசைப்படி ஜே-பாப், ஜே-ராக் பாட்டுகளைச் சேர்த்து வருகிறேன். ‘ச’வில் மாட்டிக்கொண்டேன். எங்கே திரும்பினாலும் ‘சகுரா’, அதாவது செர்ரிப் பூ!

மொரியாமா நவோதாரோவின் ‘சகுரா’ (2003), கொபுகுரோவின் ‘சகுரா’ (2005), அதே ஆண்டில் கெட்சுமெய்ஷியின் ‘சகுரா’, அடுத்த ஆண்டு இகிமோனோககாரியின் ‘சகுரா’. ஃபுகுயாமா மசஹாருவின் ‘சகுராசகா’வும் (2000) அதே மரம்தான். மொரியாமா வெறும் பியானோவோடு பாடியதை மட்டும் எத்தனை முறை கேட்டாலும் அலுக்கவில்லை, அது வேறு விஷயம்.

பூ இல்லாமல் கையில் இருப்பது ஆஃப் கோர்ஸ் இசைக்குழுவின் ‘சயோனாரா’ (1979) ஒன்றுதான். கிடார் அதிரும் ராக் பாட்டு ஏதாவது ‘ச’வில் தெரியுமா? பாடியவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ‘சி’, ‘சு’ இப்போது வேண்டாம். அதற்கு அப்புறம் தனியாக வந்து தொந்தரவு செய்கிறேன்.