ரைடின் கடைசி ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு நடந்தது என்ன?

ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று தெரியும். எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம், சராசரி வேகம் என்ன. நான் கேட்க நினைப்பது வேறு. நீண்ட ரைடில் கடைசி ஒரு மணி நேரம் உங்களுக்கு எப்படிப் போகிறது? என்னிடம் விழுந்த கதை சொன்னவர்கள், நூலிழையில் தப்பிய கதை சொன்னவர்கள் பலருக்கும் அது அந்த நேரத்தில்தான் நடந்திருக்கிறது. அதே சாலை, அதே வண்டிகள். மாறியிருப்பது ஓட்டுகிறவர்தான். பயிற்சி, ஓய்வு எல்லாம் ஒரு கணக்கு, பாதுகாப்பு தனிக் கணக்கு என்று பிரித்துப் பேசுகிறோமே, அது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

நான் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்கிறேன். கூட ஓட்டிய நண்பர் வாய் ஓயாதவர். காற்று எதிரே அடித்தாலும் பேசிக்கொண்டே வருவார். அன்றைக்குத் திரும்பும் வழியில் அவரிடமிருந்து பதில் வருவது குறைந்தது, அப்புறம் நின்றே போனது. களைப்பு என்று விட்டுவிட்டேன். ஒரு சிக்னல் வந்தது. இருவரும் பிரேக் பிடித்து நின்றோம். அவர் மட்டும் க்ளீட்டிலிருந்து, அதாவது ஷூவைப் பெடலோடு பூட்டிவைக்கும் கொக்கியிலிருந்து, காலைக் கழற்றவே இல்லை. நின்ற இடத்திலேயே, எந்த அவசரமும் இல்லாமல், சைக்கிளோடு சேர்ந்து தரையில் சாய்ந்தார். கையைப் பிடித்துத் தூக்கினால் கை நடுங்குகிறது, வியர்வை சில்லென்று இருக்கிறது. முதுகுப் பையில் கொண்டுவந்த சர்க்கரை ஜெல் பொட்டலங்கள் எல்லாம் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

உடலில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை அவ்வளவு அதிகமில்லை. தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், கல்லீரலில் 100 கிராம். மூச்சு வாங்க ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். கால் தசைக்குக் கொழுப்பை எரித்து ஒப்பேற்றத் தெரியும். மூளைக்கு ரத்தத்தில் சர்க்கரை வேண்டும். அது குறையும்போது முதலில் போவது முடிவெடுக்கும் திறன், அதற்கப்புறம்தான் கால். இனிப்பு நீரைக் குடிக்க வைத்து ஓரமாக உட்கார வைத்தேன். கால் மணி நேரம் கழித்து அவர் வாயைத் திறந்தார். முதல் வாக்கியமே, நான் ஆரம்பத்தில் வேகமாக இழுத்துவிட்டேன் என்ற புகார். ஆள் திரும்பிவிட்டார் என்று நிம்மதியானேன்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

* * *

இதே மாதிரி நானும் பார்த்திருக்கிறேன். பசி எடுத்தபின் சாப்பிடலாம் என்று இருப்பவர்கள்தான் இப்படி மாட்டுவார்கள். கடுமையான முயற்சியில் பசி தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிற ஆள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற ரைடு என்றால் முதல் அரை மணியிலேயே ஆரம்பித்து, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் அதற்கு மேல் உறிஞ்சாது. ஃபிரக்டோஸையும் கலந்தால் அது வேறு வழியாக உள்ளே போவதால் 90 கிராம் வரை போகலாம். ஆனால் பந்தய நாளன்று திடீரென்று 90-க்குத் தாவினால் வயிறு பழிவாங்கும். குடலுக்கும் பயிற்சி வேண்டும்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, விரல்கள் வீங்கியிருக்கின்றன, குடித்துக்கொண்டே இருந்தவர் என்றால், அவருக்கு மேலும் வெறும் தண்ணீர் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவதும் கிட்டத்தட்ட இப்படித்தான் தோன்றும். அதில் தண்ணீரே விஷம். குழப்பமாகப் பேசினால் மருத்துவமனைதான்.

* * *

நாய் வராமல் சைக்கிள் அனுபவமா? நான் எழுதிவிடுகிறேன்.

இந்த விஷயத்தில் மட்டும் களைப்பு எனக்கு உதவியிருக்கிறது. கால் புதிதாக இருக்கும்போது நாய் துரத்தினால் எழுந்து நின்று மிதிப்பேன். அதற்கும் ஜாலி, அது இன்னும் வேகமாக வரும். பல நாய்களுக்கு ஓடுகிற பொருள்தான் பிரச்சினை. ஒருமுறை ரைடின் முடிவில் மிதிக்கத் தெம்பே இல்லை. அது குரைத்துக்கொண்டு வந்தது. நான் பிரேக் பிடித்து இறங்கி, சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் நிறுத்தி, "வீட்டுக்குப் போ" என்று அதட்டினேன். அதன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் துரத்தியதில் ஒருவன்கூட நின்றதில்லை போல. கொஞ்ச நேரம் மோப்பம் பிடித்துவிட்டு, டயரில் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் போய்விட்டது.

காலால் எட்டி உதைப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒற்றைக் காலில் நிலை தடுமாறி விழுந்தால் நாய் கடிப்பதைவிட மோசமாக அடிபடும். முன் சக்கரத்துக்குக் குறுக்கே வருவதுதான் நிஜமான ஆபத்து. பாட்டில் தண்ணீரை முகத்தில் பீய்ச்சுவது பல சமயம் வேலை செய்யும். கடித்துவிட்டால் மட்டும் வீரம் பேசக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போய்விட வேண்டும்.

* * *

எல்லாவற்றையும் ஓட்டுகிறவர் களைப்பின் தலையில் கட்டாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். காலையில், நன்றாகத் தூங்கி எழுந்து, பளிச்சென்ற சட்டை போட்டு, முன்னும் பின்னும் விளக்கு எரியப் போய்க்கொண்டிருந்தேன். கிளைச் சாலையிலிருந்து ஒரு கார் வந்தது. டிரைவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். அப்படியே வெளியே வந்தார். பிரேக்கைக் கசக்கிப் பிடித்து, பின் சக்கரம் மேலே தூக்க, அவர் கதவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றேன். கண்ணாடியை இறக்கிய அவருக்கு என்னைவிட அதிகமாகக் கை நடுங்கியது. "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

ரொம்ப நாள் அவரைப் பொய்யர் என்றே நினைத்தேன். அப்புறம் இதன் கணக்கைப் படித்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது. இரண்டு வண்டிகள் தத்தம் வேகம் மாறாமல் மோதப் போகிற பாதையில் வந்தால், ஒருவர் பார்வையில் மற்றவர் நகர்வதே இல்லை. ஒரே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டு வருவார், அவ்வளவுதான். ஓரக்கண்ணுக்கு அசைவுதான் முதலில் உறைக்கும், அசையாததை அது விட்டுவிடும். போதாக்குறைக்குக் காரின் முன்கண்ணாடிக்கு இரு பக்கமும் தூண் இருக்கிறது. தள்ளி வரும் சைக்கிள்காரர் மொத்தமாக அதன் பின்னால் மறைந்துபோவார். அவரும் காரும் ஒத்த கணக்கில் நகர்ந்தால் மறைந்தபடியே வருவார். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வேகமாகத் திருப்பும்போது, கண் தாவுகிற இடைவெளியில் மூளை எதையும் பதிவு செய்வதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அதனால் இப்போது டிரைவரின் கண்ணை நம்புவதில்லை, காரின் முன் சக்கரத்தைப் பார்க்கிறேன். கார் கிளம்பினால் சக்கரத்தின் சுழற்சியில்தான் முதலில் தெரியும். சந்திப்பை நெருங்கும்போது என் தடத்துக்குள்ளேயே கொஞ்சம் நடுப்பக்கம் விலகிக்கொள்கிறேன். பக்கவாட்டில் நகர்கிற பொருள் கண்ணில் படும். நிற்கும் கார்களை ஒட்டிப் போவதில்லை, திறக்கிற கதவுக்கு ஒரு மீட்டர் போதாது. திரும்பக் காத்திருக்கும் லாரியின் ஓரப்பக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் நுழைவதில்லை. முன் சக்கரம் போகும் வழியில் பின் சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும்.

* * *

மேலே எழுதியவருக்கு: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன சக்கரத்தைப் பார்ப்பது, தடத்தில் விலகுவது எல்லாம் நூறாவது கிலோமீட்டரிலும் செய்கிறீர்களா? எனக்குத் தலை தொங்கிப்போய் முன்னால் போகிறவரின் பின் டயர் மட்டும்தான் தெரியும்.

எங்கள் குரூப்பில் நடந்தது அதுதான். ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டினால் பின்னால் இருப்பவருக்குக் காற்று தடுக்கப்பட்டு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். களைத்தவர்கள் இன்னும் நெருங்குவது இயல்பு. பக்கக் காற்று அடித்தபோது ஒருவர் சற்று விலகி, முன்னவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தன் முன் சக்கரத்தை வைத்துக்கொண்டார். முன்னால் போனவர் ஒரு பள்ளத்தைத் தவிர்க்க ஒதுங்கினார். சக்கரங்கள் உரசின. இதில் முன்னவருக்கு ஒன்றும் ஆகாது, திசை திருப்புகிற சக்கரம் பறிபோனவர்தான் விழுவார். விழுந்தார். கையை ஊன்றினார், காறை எலும்பு போயிற்று. பள்ளத்துக்குக் கை காட்ட வேண்டியவர் காட்டவில்லை. காலையில் ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் கை காட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

அதற்குப் பிறகு எங்களிடம் ஒரு வழக்கம் வந்துவிட்டது. கடைசி அரை மணி நேரம் யாரும் யார் பின்னாலும் ஒட்டுவதில்லை. ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் யார் முதலில் தொடுவது என்று பாய்ந்து போட்டியிடுவதும் நின்றது. அதில் சிலருக்கு வருத்தம்தான்.

* * *

நான் ரேண்டனூரிங் பக்கம் போனவன், அதாவது நெடுந்தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கிற சைக்கிள் பயணம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 600-க்கு 40 மணி நேரம் என்று அவகாசம். வேகம் ஒரு பெரிய விஷயமே இல்லை, தூக்கம்தான் விஷயம். 1891-இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இன்றைக்கும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. 1200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். அதற்குத் தயாராகிறவர்கள் காலைவிடக் கண்ணிமைக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள்.

இரவு மூன்று மணிக்கு மேல் சாலையோரப் புதர் ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். சிரிப்பாக இருக்கும். சிரிப்பு வரும் கட்டம் பரவாயில்லை. முந்தைய வளைவு நினைவில் இல்லை என்றால் உடனே இறங்கிவிட வேண்டும், அது சைக்கிள் மேல் தூங்கியதற்கு அடையாளம். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பேருந்து நிழற்குடையில் இருபது நிமிடம் படுத்தால் போதும், வேறு ஆளாக எழுந்திருக்கலாம். காபி குடித்துவிட்டு உடனே படுப்பது என் பழக்கம், எழும்போது அது வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

கழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983-இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குக் கழுத்துத் தசை ஓய்ந்துபோய்த் தலையைத் தூக்கவே முடியவில்லை. இன்றைக்கும் அந்தத் தொல்லைக்கு அவர் பெயர்தான். அந்த அளவுக்கு நமக்கு வராது. ஆனால் அதன் தம்பியை நான் சந்தித்திருக்கிறேன். தலை நிமிரவில்லை என்றால் முன்னால் இருபது அடிதான் தெரியும். அந்த நிலையில் இறக்கத்தில் இறங்கக் கூடாது.

இரவில் ஓட்டுகிறவர்களுக்கு: சட்டையில் ஒளிரும் பட்டை போதாது. கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டுங்கள். மேலும் கீழும் போகிற ஒளியைப் பார்த்ததும் இது மிதிக்கிற மனிதன் என்று டிரைவருக்குச் சட்டென்று புரியும்.

* * *

ஓய்வு பற்றி யாரும் எழுதவில்லையே. நான் ஒரு அறிகுறியை மட்டும் சொல்கிறேன். வாரக்கணக்கில் கடுமையாக ஓட்டிய பிறகு ஒருநாள் வழக்கமான ஏற்றத்தில் இதயத் துடிப்பு ஏறவே மாட்டேன் என்றது. உடல் தேறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கால் கனக்கிறது, இரவு தூக்கம் சரியில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல். அது தேறியது இல்லை, ஓய்வில்லாமல் உடல் ஓய்ந்துபோனது. ஒரு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது துடிப்பு வழக்கம்போல் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் எனக்கு வண்டிக்காரர்கள் எல்லோரும் அயோக்கியர்களாகத் தெரிந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

விழுந்து தலையில் அடிபட்டவர்கள், "ஒன்றுமில்லை, ஓட்டிவிடுவேன்" என்றால் நம்பாதீர்கள். மூளை அதிர்ச்சியின் அறிகுறி பல மணி நேரம் கழித்தும் வரும். அன்றைக்கு ரைடு முடிந்தது என்று அர்த்தம். ஹெல்மெட்டும் முடிந்தது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீளாது, வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம்.

* * *

எனக்கு நடந்தது இறக்கத்தில். ஏற்றத்தில் வியர்த்து ஊறி, உச்சியில் நிற்காமல் அப்படியே இறங்கியபோது குளிரில் உடம்பு உதற ஆரம்பித்தது. அந்த உதறல் ஹேண்டில்பாருக்கு ஏறி, முன் சக்கரம் படபடவென்று ஆடத் தொடங்கியது. இறுகப் பிடித்தால் ஆட்டம் கூடும். இரண்டு முழங்காலாலும் மேல் குழாயை அழுத்திக்கொண்டு, கைப்பிடியைத் தளர்த்தி, மெதுவாகப் பிரேக் பிடித்ததும் அடங்கியது. இப்போது உச்சியில் நின்று காற்றுத் தடுப்புச் சட்டையைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுக்காமல் இறங்குவதில்லை.

இன்னொன்று, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது. உள்ளங்கை ஓரத்தில் போகிற நரம்பு மணிக்கணக்கில் அழுந்துவதால் வருவது. விரலில் உணர்ச்சி இல்லையென்றால் பிரேக்கை எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்றே தெரியாது, அதுவும் கடைசி இறக்கத்தில்! கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். நான் ஹேண்டில்பாரில் டேப்பை இரட்டையாகச் சுற்றினேன், பாதி குறைந்தது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கி இருந்ததால் உடம்பு முன்னால் சரிந்து பாரமெல்லாம் கையில் இறங்கியிருக்கிறது. அதை மட்டமாக்கியதும் மீதியும் போய்விட்டது.