தம்பிக்குக் குரல் கேட்கிறது, கோயில் கொடைவிழா முடியும்வரை பொறுக்கலாமா?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
தம்பிக்கு 19 வயது. பொங்கலிலிருந்து கல்லூரிக்குப் போகவில்லை. யாரோ காதில் திட்டுவதாகச் சொல்கிறான், தூக்கமே இல்லை. சுடலைமாடன் கொடை முடியட்டும், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்கிறார் அப்பா. காத்திருந்தால் கெடுதலா?

பதில் (பாளையங்கோட்டை, மனநலப் பிரிவு செவிலியர்):
காத்திருக்காதீங்க தம்பி. கொடையும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும், அப்பாவிடம் அப்படியே சொல்லுங்க. இது மனச்சிதைவின் (இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் உள்ள மனநோய்) தொடக்கமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சிகிச்சை இல்லாத காலம் நீள நீள, குணமாவது பொதுவாகத் தாமதமாகிறது. 3 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவது அதனால்தான். குரல் மாத்திரையில் அடங்கலாம். அதற்குள் விட்டுப்போன படிப்பையும் கூட்டாளிகளையும் மீட்பதுதான் பெரும்பாடு. ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கேட்டவர்:
வர மாட்டேன் என்கிறான் அக்கா.

பதில் (செவிலியர்):
குரல் பொய்யென்று வாதாடாதீங்க. தூக்கத்துக்கு மருந்து கேட்கலாம் வா என்று கூப்பிடுங்க. அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்க.

பதில் (கடையநல்லூர்):
என் அக்காவுக்கு வைத்தியம் தொடங்கவே வருஷக்கணக்கானது. மெதுவாகத்தான் தேறினாள், இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். நல்லானதும் மாத்திரையைத் தானாக நிறுத்த மட்டும் விடாதீங்க, அண்ணாச்சி.