வெடிப்பை அடைத்த அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

எங்கள் வீட்டில் கொங்கிரீட் தூணும் கல்சுவரும் சந்திக்கும் இடத்தில் நெடுநாளாக ஒரு வெடிப்பு இருந்தது. ஒவ்வொரு வாடை மழைக்கு முன்னரும் யாராவது ஒரு மேசன் வந்து சீமெந்துச் சாந்தை அழுத்திப் பூசிவிட்டுப் போவார். கச்சான் வெயில் தொடங்கியதும் பூசிய சாந்தின் ஓரமாகவே அது மயிரிழை போல மீண்டும் விட்டுவிடும். கடைசியாக வந்த மேசன் ஐயா எதையும் பூசவில்லை. மேற்பூச்சைச் சற்றுக் கொத்திவிட்டு, வெடிப்பின் குறுக்கே பிளாஸ்டர் ஒப் பாரிஸை ஒரு வில்லையாக அப்பி, பக்கத்தில் பென்சிலால் திகதியை எழுதிவிட்டுச் சென்றார். சில வாரங்களில் வில்லை குறுக்கே பிளந்தது.

"இது இன்னும் அசையுது தம்பி, இதுக்கு இறுகிற சாமான் சரிவராது" என்றார்.

பின்னர் வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, தூசியைத் துடைத்து, உள்ளே ஒரு நுரைக் கயிற்றைச் செருகி, அதன் மேல் நெகிழக்கூடிய பொலியூரித்தேன் பசையை அகலத்தில் பாதியளவு ஆழத்துக்கு மட்டும் நிரப்பினார். பசை அடியில் ஒட்டாமல் இரு பக்கங்களை மட்டும் பிடித்திருந்தால்தான் இழுபடும்போது கிழியாது என்பதற்காகவே அந்தக் கயிறு. செலவு கூடத்தான், ஆண்டுதோறும் கொடுத்த கூலியைக் கூட்டிப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

திருக்கடலூரிலிருந்து:

மர வள்ளங்களுக்குக் கலப்பற்றுப் பார்த்த, அதாவது பலகை இடுக்குகளை அடைத்த, ஓடாவிமாருக்கும் (வள்ளத் தச்சருக்கும்) இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. பலகை இடுக்கிலுள்ள பழையதைக் கிளறி எடுத்த பிறகே, திரித்த பருத்தி நூலை உளியாலும் கொட்டாப்புளியாலும் அறைந்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயுடன் காய்ச்சிப் பூசுவார்கள். காய்ந்த பலகையில் அளவுக்கு மீறி அறைந்தால், தண்ணீரில் பலகை ஊதும்போது ஆணிகள் இளகிவிடும். ஆகவே கடலில் இறக்கியவுடன் சிறிது தண்ணீர் கசிவதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. பலகை ஊதி இடுக்குத் தானாக இறுகும்வரை இறைத்துக்கொண்டிருப்பார்கள். பைபர் வள்ளத்துக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை; உடைந்த ஓரத்தைச் சரிவாக அரைத்து, கண்ணாடி இழைப் பாயையும் றெசினையும் அடுக்கினால் போதும்.

பல் மருத்துவத் துறையிலிருந்து:

எங்களுடைய சிக்கல் வேறு. இங்கே அசைவது நிரப்பும் பொருள்தான். பல் நிறத்தில் வைக்கும் ரெசின் ஒளிபட்டு இறுகும்போது சுருங்குவதால், குழியை ஒரேயடியாக நிரப்பாமல் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள அடுக்குகளாக இறுக்குகிறோம். சீமெந்தும் உலரும்போது சுருங்கும் என்பதால், அசையாத வெடிப்பாக இருந்தாலும் ஆழமானதாயின் மேசனிடம் இரண்டு தடவையாக அடைக்கச் சொல்லுங்கள்.