74 வயது அம்மாவுக்கு டாஸ் 28 எண் 4.6: மருந்தைக் கூட்டத்தான் வேண்டுமா?

உசிலம்பட்டி மகள்:
அம்மாவுக்குப் பல வருஷமாக முடக்குவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். பூக்கட்டுவதுதான் தொழில். போன வருஷம் நாரை இழுத்து முடிச்சுப் போட முடியாமல் மல்லிகையைக் கூடையோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். இப்போது காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் முழம் முழமாகக் கட்டுகிறார். ஆனால் இந்த முறை டாஸ் 28 எண் (28 மூட்டுகளையும் ரத்தப் பரிசோதனையையும் நோயாளி சொல்வதையும் சேர்த்து முடக்குவாதத் தீவிரத்தைச் சொல்லும் கணக்கு) 4.6 வந்திருக்கிறது. சீட்டில் வலிக்கும் மூட்டு 4 (இரண்டு முழங்கால், வலது மணிக்கட்டு, ஒரு விரல்), வீக்கம் மணிக்கட்டில் மட்டும், ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை) 52, அம்மா தன் நிலைக்குச் சொன்னது 100க்கு 30 (100 என்றால் மிக மோசம்). நோய் அடங்கவில்லை, மருந்தைக் கூட்டலாம் என்கிறார்கள். அந்த வயதுக்குத் தாங்குமா?

திருமங்கலம் லேப்காரர்:
தாயி, ரத்தப் பரிசோதனையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன். ஈ.எஸ்.ஆர். வயதோடு ஏறும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதியாக்குவது பழைய கணக்கு. உங்கள் அம்மாவுக்கு 42 வரை பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ரத்தசோகை இருந்தால் இன்னும் ஏறும், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள்.

டாஸ் கணக்கில் ஈ.எஸ்.ஆருக்குப் பங்கு அதிகம். 4.6இல் சுமார் 2.77 அது மட்டுமே கொடுத்தது! 2.6க்குக் கீழே வந்தால்தான் நோய் அடங்கியதாகக் கணக்கு. ஒரு மூட்டும் வலிக்காத பாட்டிக்கும் ஈ.எஸ்.ஆர். 40 இருந்தால் அதிலேயே 2.58, கிட்டத்தட்ட அந்த எல்லை வந்துவிடும். இதை வைத்து மட்டும் மருந்தைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சி.டி.ஏ.ஐ. என்று இன்னொரு முறை இருக்கிறது, அதில் ரத்தமே வேண்டாம். வலிக்கும் மூட்டு, வீங்கிய மூட்டு, நோயாளி 10க்குச் சொல்வது, டாக்டர் 10க்குச் சொல்வது, நான்கையும் கூட்டினால் போதும். உங்கள் அம்மாவுக்கு 4, 1, 3. டாக்டர் 2 போட்டால் 10. பத்து வரை குறைந்த தீவிரம்தான்.

மேலூர் பிசியோ:
அக்கா, முழங்கால் இரண்டும் வீங்காமல் வலிக்கிறதென்றால் தேய்மானமாக இருக்கலாம். அந்த வயதில் அது சகஜம். ஆனால் அழுத்தினால் வலிக்கிறது என்றதும் எண்ணில் சேர்ந்துவிடும்.

அதே சமயம், எண் சும்மா ஏறியிருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது. 28 மூட்டில் பாதம் கிடையாது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் அவ்வளவுதான். காலையில் தரையில் கால் ஊன்றும்போது விரலடியில் வலிக்கிறதா, செருப்பு இறுக்குகிறதா என்று கேளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று மறைத்துவிடுவார்கள். 100க்கு 30 என்று சொன்னதும் அப்படி இருக்கக்கூடும். காலை விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீங்களே பார்த்து எழுதி வையுங்கள்.

உசிலம்பட்டி மகள்:
ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. ஹீமோகுளோபின் 9.4தான், இப்போதுதான் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தபோது இடது கால் சுண்டுவிரலடியில் சுருக்கென்று காலை இழுத்துக்கொண்டார். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியே இருக்கமாட்டார். அடுத்த முறை போகும்போது அந்த மூட்டைக் காட்டி, மணிக்கட்டு வீக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதாக இருந்தால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள் என்றும் கேட்கப்போகிறேன்.

திருமங்கலம் லேப்காரர்:
ரத்தசோகைக்கு என்ன காரணம் என்பதையும் கேளுங்கள் தாயி.