பார்க்கின்சன் நோயில் கால் நின்றுபோவதற்கு ஒரு சொல்

> 'நடை உறைவு' என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்திலும் 'freezing of gait', உறைதல்தானே.

ஐயா, வணக்கம். 'உறைவு' எனக்கு ஒத்துவரவில்லை. நோயாளியின் துண்டில் அப்படி எழுதினால், காலில் இரத்தம் உறைந்துவிட்டது என்றுதான் வீட்டார் பதறுவார்கள். 'விறைப்பு' தசை இறுகுவதற்கு ஏற்கனவே போய்விட்டது. 'முடக்கம்' என்றால் பாரிசவாதம் ஞாபகம் வரும்.

அப்பாவைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் உப்புவெளி வீட்டில் விறாந்தை முழுக்க நன்றாக நடப்பார். அறை வாசலுக்கு வந்ததும் கால் நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னுக்குச் சாயும். "கால் நிலத்தோட ஒட்டிப்போச்சு பிள்ளை" என்பார். வாசலுக்குக் குறுக்கே வெள்ளை நாடா ஒட்டி வைத்திருக்கிறோம். அதைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடுவார்! யோசிக்காமல் தானாக நடக்கும் நடைக்குத்தான் டோபமைன் என்ற மூளை இரசாயனம் அதிகம் வேண்டியிருக்கிறது. கோட்டைப் பார்த்து அடி வைக்கும்போது மூளை வேறு வழியால் காலைத் தூக்குகிறது. ஆக, கால் கொஞ்ச நேரம் தரித்து நிற்கிறது, அவ்வளவுதான். பஸ் தரிப்பிடம் என்கிறோமே, அதுபோல 'நடைத்தரிப்பு' எப்படி?

> பஸ்ஸை ஓட்டுநர் விரும்பித்தான் தரிக்கிறார், பிள்ளை. அப்பா விரும்பியா நிற்கிறார்? பேசாமல் 'டோபமைன் குறைநடை' என்று காரணத்தையே பெயராக்கிவிடலாம்.

ஐயா, முதலாவதில் நீங்கள் சொல்வது சரி. "வேணுமெண்டு நிக்கிறார்" என்று சொந்தக்காரர் அப்பாவை ஏசியிருக்கிறார்கள். அந்தப் பழியை ஏற்றும் சொல் கூடாது. தரிப்பை விட்டுவிடுகிறேன்.

ஆனால் காரணத்தைப் பெயரில் கட்ட வேண்டாம். நடுமூளையில் டோபமைன் சுரக்கும் கலங்கள் அழிவது உண்மை. நடையும் சமநிலையும் கெடுவதில் அசற்றைல்கோலின் என்ற இன்னொரு மூளை இரசாயனத்தின் குறைவுக்கும் பங்கு இருக்கிறது. டோபமைனை ஈடுசெய்யும் லெவோடோபா குளிசையால் கையசைவு சீரான பிறகும் சிலருக்குக் கால் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் கண்ணால் கண்டதை வைத்துத்தான் நடுக்குவாதம் என்று பெயர் வைத்தார். டோபமைனின் வேலை தெரியவர 1950களின் பிற்பகுதி ஆகிவிட்டது. நாங்களும் காண்பதையே சொல்வோம்.

அப்பாவின் வாயிலிருந்தே எடுத்து 'காலொட்டல்' என்று வைக்கலாமா? ஒட்டுவதில் அவர் விருப்பம் இல்லை, ஒட்டியது விடும் என்பதும் அதில் இருக்கிறது. நேற்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுதான், நிலம் பிடிச்சு வைக்குது" என்றார்.