மறுமொழி: 'சர்காசம்' – தமிழில் என்ன எழுதுவது?

அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் மொழியியல் பாடத்தை மொழிபெயர்த்து அனுப்பியாக வேண்டும். ஆங்கிலத்திலும் சீனத்திலும் குத்திப் பேசிப் பேசியே சொற்களின் பொருள் மாறிப்போவதுதான் பாடம். 'சர்காசம்' (sarcasm), 'ஐரனி' (irony) என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் வேறு வேறு சொல் தேவை என்று குழுவில் கேட்டிருந்தேன். வந்த மடல்களுக்கு ஒன்றாகவே பதில் எழுதுகிறேன்.

> இரண்டுக்கும் 'முரண்நகை' போதுமே?

போதாது ஐயா. தீயணைப்பு நிலையமே தீப்பிடித்தால் அது முரண்நகை. அங்கே யாரும் யாரையும் குத்தவில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவரிடம் "சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றால் கேட்டவருக்கு வலிக்கும். சர்காசத்தின் கிரேக்க வேருக்குச் சதையைப் பிய்த்தல் என்று பொருள். சீனத்தில் 'ஃபெங்ஸ்' என்கிறார்கள். அதன் இரண்டாம் எழுத்து முள்ளையும் குத்துவதையும் குறிக்கும். நம் ஊரிலும் 'குத்தலாப் பேசாதே' என்றுதான் சொல்கிறோம். ஆகவே 'குத்தல்'.

> குத்தல் தெருப்பேச்சு. இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி இருக்கிறதே!

கயவரைத் தேவர்க்கு ஒப்பிடும் 1073ஆம் குறளுக்கு அது அழகாகப் பொருந்தும். ஆனால் பழிப்பதுபோலப் புகழ்வதும் அதே அணிதானே? சீன அரட்டையில் வரும் 'ஹ-ஹ'வை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வெறும் சிரிப்பொலி. இப்போது அதை மட்டும் பதிலாக அனுப்பினால், பேச விருப்பமில்லை என்றோ ஏளனம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். அதில் புகழ்ச்சி எங்கே இருக்கிறது? வல்லுநரைக் குறிக்கும் 'ஜுவான்ஜியா'வின் முதல் எழுத்தை மாற்றி, அதே ஒலிப்புள்ள 'செங்கல்' எழுத்தைப் போட்டுக் கேலி செய்கிறார்கள். அதையும் வஞ்சப்புகழ்ச்சிக்குள் அடக்க முடியாது.

> தொல்காப்பியச் செய்யுளியலின் 'பழிகரப்பு' அங்கதத்தை, அதாவது பழியை மறைத்துச் சொல்லும் வசையை, மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை அம்மா. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் குத்தலில் பழி பெரும்பாலும் ஒளிவதே இல்லை, கேட்பவருக்குப் புரியத்தான் பேசுகிறோம். கரத்தல், அதாவது ஒளித்தல், அதிலிருந்துதான் கரப்பான்பூச்சி வந்ததா என்று நேற்று ஆறு மடல்கள் வந்தன. அதைத் தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன்.

> பொருள் மாறுவதற்கு 'இழிபொருட்பேறு' (நல்ல பொருள் தாழ்ந்த பொருளாவது) என்றே எழுதலாம்.

இங்கேதான் எனக்குச் சிக்கல். 'நாற்றம்' மணத்திலிருந்து கெட்ட வாடைக்கு இறங்கியது. ஆங்கிலத்தில் 'சில்லி' ஒரு காலத்தில் பேறுபெற்றவர் என்ற பொருள் தந்தது. சீனப் பெருநிலத்தில் 'சியாவ்ஜியே' என்று ஒரு பெண்ணை அழைத்தால் பல இடங்களில் பாலியல் தொழிலாளி என்ற பொருள் தொனிக்கும். தைவானில் அது இன்றும் மரியாதையான விளி. இவை எல்லாம் இழிபொருட்பேறு, சரி. ஆனால் 'ஹ-ஹ' குத்தலாலேயே மாறியது. நம் 'மேதாவி'யும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. வடசொல் என்பதால் அதை நீக்கச் சொல்கிறார்கள். மாட்டேன், மாணவர்கள் வீட்டிலேயே கேட்கும் சொல் அது. 'குத்தல்வழிப் பொருள்மாற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக யாராவது தந்தால் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பாடத்தை மொழிபெயர்ப்பவன்

---

> ஆகவே 'குத்தல்'.

நால்வர் ஒப்பினார்கள் என்பதற்காக நானும் ஒப்ப முடியாது. காதுகுத்தலும் குத்தல்தானே? பாடநூலில் 'இகழ்குறிப்பு' என்று இருக்கட்டும். அடைப்புக்குள் வேண்டுமானால் குத்தல் வரட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.